அழிக்காமல் விட்ட கேசட்டுகள்

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர் பக்கத்து வீட்டு பீரோக்களில் 2005-க்குப் பிந்தைய ஏழெட்டு ஆண்டுகளின் கல்யாண டிவிடி ஒன்றாவது இருக்கும். அந்தக் கல்யாணத்தை டேப்பில் ஓடும் எச்.டி. கேமராவில் எடுத்திருந்தால், டிவிடியில் இன்று தெரிவது கேமரா அன்று பதிந்ததில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். பெருக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். எச்.டி.வி. கேசட்டில் ஒரு ஃபிரேமுக்கு 1440-க்கு 1080 புள்ளிகள். டிவிடியில் 720-க்கு 576. எச்.டி. வட்டை ஓட்டும் ப்ளூ-ரே கருவி வாடிக்கையாளர் வீடுகளில் இல்லை. ஆகவே ஸ்டூடியோக்காரர் எச்.டி.யில் எடுத்ததைப் பழைய தரத்துக்கு இறக்கி, டிவிடி போட்டு, உறையில் மணமக்கள் படத்தை அச்சடித்துக் கொடுத்தார். கேசட் அடுத்த முகூர்த்தத்துக்குப் போனது. ஓர் ஊர் தன்னை முதன்முதலாகக் கூர்மையாகப் படம் பிடித்த அதே ஆண்டுகளில்தான் அந்தக் கூர்மையைக் கையோடு அழித்தும் வந்தது. அப்படி அழிக்காமல் விட்டுப்போன கேசட்டுகள் ஸ்டூடியோ பரண்களிலும் அலமாரி அடித்தட்டுகளிலும் கிடக்கின்றன. அவற்றைத் திறக்க எளிதில் கைக்கு எட்டுவது, அவற்றைப் பதிந்த அதே வகைக் கேமராதான். இந்தக் காலத்தில் ஒருவர் டேப் எச்.டி. கேமரா வைத்திருப்பதற்கு நியாயம் இருக்கிறதா என்றால், இருக்கிறது என்பேன். புதிதாக எடுப்பதற்கு அது வேண்டியதில்லை. எடுத்ததைப் படிப்பதற்கு அது வேண்டும்.

இந்தக் கேமராவின் பிறப்பே ஒரு சிக்கன யோசனை. 2003 செப்டம்பரில் சோனி, ஜேவிசி, கேனன், ஷார்ப் ஆகிய நான்கு ஜப்பானிய நிறுவனங்கள் கூடி எச்.டி.வி. என்ற முறையை அறிவித்தன. கேசட்டை மாற்றவே இல்லை. கடைகளில் ஏற்கெனவே கிடைத்த மினி டிவி கேசட், அதே 6.35 மில்லிமீட்டர் அகல நாடா, நொடிக்கு 25 மெகாபிட் என்ற அதே அளவு. அதற்குள் மூன்றே முக்கால் மடங்கு பெரிய படத்தை அடக்கவேண்டும். 2004-இல் சோனியின் எஃப்.எக்ஸ்.1, பிறகு தொழில்முறையாளர்களுக்கான இசட்.1, 2007-இல் கேனன் எச்.வி.20 என்று வரிசையாக வந்தன. கேனனின் அந்த வரிசை 2009-இல் எச்.வி.40-உடன் நின்றது, அதற்குள் மெமரி கார்டு வந்துவிட்டது. கல்யாணத் தொழிலுக்கென்றே தோளில் வைக்கும் வடிவில் சோனி எச்.டி.1000 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. உடம்பு தொலைக்காட்சி நிலையத்துக் கேமரா அளவு. உள்ளே ஏறத்தாழ ஹேண்டிகேமின் உறுப்புகள். மண்டபத்தில் கேமராவின் பருமனும் கூலியில் சேர்த்தி என்பதை ஜப்பான்காரர்கள் சரியாகவே கணித்திருந்தார்கள். பழைய கேசட்டிலேயே புதிய படம் என்பதால்தான் இந்த முறை சிறுநகர ஸ்டூடியோ வரை வந்து சேர்ந்தது. கேசட்டைத் திரும்பத் திரும்ப அழித்து எழுதும் பழக்கமும் கூடவே வந்தது.

பெரிய படம் சிறிய நாடாவுக்குள் எப்படி அடங்கியது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் சிவகாசிக்கும் இந்தக் கேமராவுக்கும் உள்ள விசித்திரமான உறவு அங்கேதான் இருக்கிறது. நம் நாட்டுக்கான எச்.டி.வி. கேமரா நொடிக்கு 25 ஃபிரேம் பதிகிறது. ஆனால் 12 ஃபிரேமுக்கு ஒன்றுதான் தன்னளவில் முழுப் படம். மற்ற 11-ம் அக்கம்பக்கத்து ஃபிரேம்களிலிருந்து எங்கே என்ன நகர்ந்தது, என்ன மாறியது என்ற குறிப்புகள். அடுத்த கணம் பெரும்பாலும் இந்தக் கணத்தைப் போலவே இருக்கும் என்ற ஊகத்தின்மேல் கட்டிய முறை இது. உலகத்தின் பெரும்பாலான காட்சிகளுக்கு ஊகம் பலிக்கிறது. வாணவேடிக்கைக்கு மட்டும் அடியோடு பலிக்காது. ஒரு பேன்சி வெடி மேலே போய்ப் பிளக்கும்போது, உள்ளே அடுக்கியிருந்த மணி மருந்து ஒவ்வொன்றும் ஒரு திசையில் எரிந்து சிதறுகிறது. முந்தைய ஃபிரேமில் இருட்டாக இருந்த இடம் இதில் வெளிச்சம், அடுத்ததில் புகை. குறித்து வைக்க வேண்டிய மாற்றம் மலைபோல் பெருகுகிறது, எழுதுவதற்கான இடமோ அதே 25 மெகாபிட். கேமரா திணறி, பொறிகளைச் சதுரம் சதுரமாக ஒட்டிப்போடுகிறது. நிறம் இன்னும் மோசம்: எச்.டி.வி. ஒளியை முழு அளவிலும் நிறத்தை அதில் கால் அளவிலும்தான் சேமிக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23-ஆம் தேதித் தீர்ப்பில் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை போட்டது. பச்சை நிறத்தைத் தந்துவந்தது பேரியம்தான். தடைக்கு முந்தைய அந்தப் பச்சையைப் பங்குனிப் பொங்கலிலும் சித்திரைப் பொங்கலிலும் எத்தனையோ பேர் டேப் கேமராவில் எடுத்திருப்பார்கள். நாடாவில் இருப்பது பச்சைக் கட்டங்களின் கலவைதான். குட்டி ஜப்பான் என்று பெயர் வாங்கிய ஊர் செய்யும் சரக்கையே, பெரிய ஜப்பான் செய்த கேமராவால் ஒழுங்காகப் பதிய முடியவில்லை.

அதே கேமராவை நின்ற இடத்தில் நிற்கிற மனிதர்கள்மேல் திருப்பினால் கதை வேறு. மேடையில் ஏற வரிசையில் காத்திருக்கும் கூட்டம், கையில் மொய்க் கவர், முந்தானையைச் சரிசெய்கிற பாட்டி, கேமரா விளக்கு பட்டதும் கண்ணைச் சுருக்குகிற பையன். இங்கே ஒரு கணத்துக்கும் அடுத்ததற்கும் மாற்றம் கொஞ்சம்தான். மிச்சமாகும் இடமெல்லாம் நுணுக்கத்துக்குப் போகிறது: பட்டின் சரிகை, நெற்றி வியர்வை, விரல் நகத்தில் ஏறியிருக்கும் வெள்ளி நிற மருந்துக் கறைகூடத் தெரியும். தாலி கட்டும் நிமிடத்தில் மட்டும் ஒரு குறை. சுற்றி நிற்கும் ஸ்டில் கேமராக்களின் பிளாஷ் மொத்தமாக அடிக்கும்போது, எச்.டி.1000 போன்ற கேமராக்களில் படம் பாதி வெளுத்துப் பாதி இருட்டாக நிற்கும். சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் வரும் கோளாறு அது. உச்சக்கட்டம் என்று நாம் எண்ணும் இடங்களில் சறுக்கி, ஒன்றும் நடக்காத இடங்களில் உண்மையாக இருப்பது இந்தக் கருவியின் குணம். சிவகாசிக்கு அப்படியொரு கண் தேவையாகவே இருந்தது.

ஏனென்றால் வெளியிலிருந்து வரும் கேமராக்கள் இந்த ஊருக்கு இரண்டு சந்தர்ப்பங்களில்தான் வருகின்றன: தீபாவளி விற்பனைக்கு முன்பு, ஆலை வெடித்த பின்பு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்த விபத்தில் 40 பேர் வரை மாண்டார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை செய்தவர்களே இல்லை. புகையைக் கண்டு பார்க்கவும் காப்பாற்றவும் ஓடி வந்த அக்கம்பக்கத்துக்காரர்கள். நாடு முழுவதும் காட்டப்பட்டது எழும்பிய புகையும் இடிந்த அறைகளும்தான். அங்கே இறந்தவர்கள் நடந்து, சிரித்து, சாப்பிட்ட படம் உலகத்தில் எங்காவது இருக்குமானால் அது ஏதோ ஒரு உறவுக்காரர் கல்யாணக் கேசட்டில்தான் இருக்கும். பட்டாசுத் தொழிலாளி கையில் பேசும் செல்போன் இருந்திருக்கலாம். நல்ல வீடியோ எடுக்கும் செல்போன் அன்று இல்லை. கருத்தோடு வந்து பார்த்தவர்களும் உண்டு. சலம் பென்னூர்கரின் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' 1990-இல் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் இருந்த குழந்தைகளைப் பற்றி எடுக்கப்பட்டது. அது ஃபிலிம் காலம். 400 அடி கொண்ட 16 மி.மீ. சுருள் பதினோரு நிமிடத்தில் தீர்ந்துவிடும். எதை எடுப்பது என்று முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். கேசட்டோ ஒரு மணி நேரம் ஓடும். வீடியோ தந்த அந்தத் தாராளத்தால்தான், மதுரையில் ஆர்.பி. அமுதன் 2003-இல் எடுத்த 'பீ' ஒரு பெண் ஒரு தெருவைச் சுத்தம் செய்யும் வேலையை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க முடிந்தது. கல்யாண வீடியோக்காரருக்கு அப்படியெல்லாம் நோக்கம் கிடையாது. ஆனாலும் அவர் கேமராவும் அதே தாராளத்தோடு ஓடியது. வேண்டாதது என்று எடிட்டிங்கில் வெட்டப்பட்டதுதான் நமக்கு இன்று வேண்டியது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஊரின் உயிரே ஆலைக்குள் இருக்கும்போது மண்டபத்து வீடியோவை ஊரின் ஆவணம் என்று சொல்வது எப்படிச் சரியாகும்? மருந்து கலக்கும் அறையிலும், மருந்து செலுத்தும் அறையிலும், திரி வெட்டும் இடத்திலும் அந்தக் கேமரா எதையும் எடுக்கவில்லையே? உண்மைதான், எடுக்கவில்லை, எடுத்திருக்கவும் கூடாது. பொறி கிளப்பக்கூடிய எதையும் அந்த அறைகளுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது உயிர் காக்கும் விதி. பேட்டரியும் மோட்டாரும், நிமிடத்துக்கு 9000 முறை சுழலும் ஒரு உருளையும் உள்ள கருவிக்கு மணி மருந்துப் பக்கத்தில் என்ன வேலை? ஆகவே தொழிலைப் பற்றிய நேரடிப் பதிவு குறைவாகவே இருக்கும், அது நல்லதுக்குத்தான். ஆனால் தொழிலாளி ஆலைக்குள் மட்டும் வாழ்பவர் இல்லை. விடியற்காலையில் ஆலை வேனில் ஏறிப் போகிறவர்தான் சாயங்காலம் பெண்ணழைப்புக்கு வந்து நிற்கிறார். அச்சாபீஸில் ஆப்செட் மிஷின் ஓட்டுபவரும், தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவரும், போர்மேனும், கணக்குப்பிள்ளையும் ஒரே பந்தியில் உட்கார்ந்தது அந்த மண்டபங்களில்தான். யாரை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள், யார் கடைசிவரை நின்றார்கள் என்பதையும் அந்த நாடா சொல்லும். வசதி உள்ளவர்கள்தானே எச்.டி. வைத்தார்கள் என்றால், அதுவும் பாதிதான் சரி. ஸ்டூடியோவில் பழைய கேமராவை விற்றுப் புதியதை வாங்கிய பிறகு, பெரிய இடத்துக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போனது அந்த ஒரே கேமராதான்.

அடுத்து, எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்ற கேள்வி. பெரும்பகுதி போய்விட்டது என்றே கருதுகிறேன். கேசட்டுக்குக் காசு, ஒரு கல்யாணத்துக்கு நாலைந்து தேவை, டிவிடி கொடுத்தாகிவிட்டால் மேலே எழுதுவதைத் தவிர ஸ்டூடியோக்காரருக்கு வேறு வழியில்லை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எல்லோரும் எல்லாவற்றையும் அழிப்பதில்லை. கேசட்டையும் கொடுத்துவிடுங்கள் என்று காசு கொடுத்து வாங்கிப் போனவர்கள் உண்டு. வரவேண்டிய பாக்கி வராததால் டிவிடியும் போடாமல் அப்படியே கிடக்கும் கேசட்டுகள் எந்தத் தொழிலிலும் இருப்பதுதான். வாராக்கடன் இங்கே ஆவணக் காப்பாளர் வேலையைப் பார்த்திருக்கிறது. கூடவே இந்த மண்ணின் வெயில். மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த வானிலையால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் இங்கே வேர்பிடித்தன என்பார்கள். நாடாவுக்கும் முதல் எதிரி ஈரம். பூஞ்சை பிடிப்பது அதனால்தான். கடலோர ஊர்களைவிட விருதுநகர் மாவட்டத்தில் கேசட் நன்றாகவே இருக்க வாய்ப்பு உண்டு. தகரக் கூரைக்கடியில் இருந்தால் வேறு பேச்சு. வெப்பமும் நாடாவைக் கெடுக்கும்.

கிடைத்த கேசட்டைப் படிப்பது சும்மா காரியம் இல்லை. சாதாரண மினி டிவி கேமராவுக்குள் எச்.டி.வி. கேசட் ஒழுங்காகப் பொருந்தும், ஓடும். படம் மட்டும் வராது. காலி கேசட் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கேமராவில் எடுத்ததாக இருந்தால், அது வேறு ஃபிரேம் கணக்கு. நம்மூர்க் கேமரா அதைப் படிக்காமல் போகலாம். நாடா பழையதாகி ஒரு புள்ளியில் காந்தப் பூச்சு உதிர்ந்திருந்தால், பழைய மினி டிவி முறையில் ஒரு ஃபிரேமில் சில கட்டங்கள் கெடும், எச்.டி.வி.யில் அந்தப் புள்ளி முழுப்படத்தில் விழுந்தால் அதை நம்பியிருக்கும் மற்றவையும் சேர்ந்து கெட்டு அரை நொடி உறைந்து நிற்கும். கேமராவிலிருந்து கணினிக்குப் போகும் வழி ஃபயர்வயர் கம்பி. 2025-இல் வந்த மேக் இயங்குதளத்தில் ஆப்பிள் அதற்கான ஆதரவையே எடுத்துவிட்டது. ஆகவே கேமராவோடு ஒரு பழைய கணினியையும் கட்டிக்காக்க வேண்டும். பேட்டரிக்கு மட்டும் கவலையில்லை: சோனியின் எல்-வகை பேட்டரி இன்று எல்.இ.டி. விளக்குகளுக்கும் போடப்படுவதால் எங்கும் கிடைக்கிறது. ஒரு மணி நேரக் கேசட்டை இறக்க ஒரு மணி நேரம் ஆகும். வேகமாக ஓட்டி இறக்க முடியாது. இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மண்டபத்தில் நின்று எடுத்தவரைத் தவிர யாரும் முழுதாகப் பார்த்திராத ஒரு மணி நேரத்தை யாராவது ஒருவர் பார்த்தாக வேண்டிய கட்டாயம் அதில் இருக்கிறது.

இவ்வளவு பாடு எதற்கு, மாற்றித் தரும் கடையில் கொடுத்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும், கடைக்காரர் ஃபயர்வயர் வழியாக நாடாவில் உள்ளதை உள்ளபடி எடுத்துக் கொடுத்தால். பல இடங்களில் நடப்பது வேறு: மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஏ.வி. வயரில் டிவிக்குப் போகும் படத்தைப் பிடித்துப் பென் டிரைவில் போட்டுக் கொடுப்பது. அது மறுபடியும் டிவிடித் தரம்தான். ஏமாறாமல் இருக்க எளிய அளவுகோல் உண்டு. ஒரு மணி நேரக் கேசட் முழுசாக இறங்கினால் 11 ஜி.பி.க்குக் குறையாமல் வரவேண்டும். ஒன்றோ இரண்டோ ஜி.பி.யில் முடிந்தால் பாக்கி எங்கே என்று கேட்கலாம். இன்னொரு மறுப்பு இன்றைய தேதிக்கு உரியது, வலுவானதும்கூட. டிவிடியையே செயற்கை நுண்ணறிவு மென்பொருளில் கொடுத்தால் 4கே ஆக்கித் தருகிறதே, நாடா எதற்கு? தருகிறது. ஆனால் அது முகத்தைத் தெளிவாக்குவதில்லை. தெளிவான ஒரு முகத்தை வரைகிறது. எங்கெங்கோ எடுத்த எண்ணற்ற முகங்களிலிருந்து, இந்த மங்கலுக்கு இப்படியொரு கண்ணும் மூக்கும் இருக்கக்கூடும் என்று ஊகிக்கிறது. எச்.டி.வி.யும் ஊகத்தின்மேல் நிற்கும் முறைதானே என்றால், அது அதே ஆளின், அதே மண்டபத்தின் பக்கத்துக் கணத்திலிருந்து ஊகித்தது. தவறும்போது சதுரம் சதுரமாகத் தவறைக் காட்டியும் விட்டது. இதுவோ தவறினாலும் அழகாகவே இருக்கும், யாருக்கும் தெரியாது. அச்சடித்த காலண்டரை மறுபடி படம் பிடித்து இன்னொரு காலண்டர் போடச் சொன்னால் சிவகாசி அச்சாபீஸில் சிரிப்பார்கள். ஒரிஜினல் கொண்டு வாருங்கள் என்பார்கள். டிவிடி காலண்டர், கேசட்தான் ஒரிஜினல்.

உலக அளவில் இந்த அவசரம் முன்பே உணரப்பட்டது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலிக் காப்பகம் 2015-இல் 'கெடு 2025' என்ற தலைப்பிலேயே எச்சரித்தது. யுனெஸ்கோ சார்பில் 2019-இல் தொடங்கிய 'காந்த நாடா எச்சரிக்கை'யும் ஏறத்தாழ அதே ஆண்டைச் சொன்னது. நாடா மக்கிப்போவதைவிட, அதை ஓட்டும் கருவிகளும் உதிரிபாகங்களும் அவற்றைப் பழுதுபார்க்கும் கைகளும் முதலில் போய்விடும் என்பதே அவற்றின் வாதம். கெடு தாண்டிவிட்டது. தனி ஆள் ஒருவர் பழைய கேமரா வாங்கி வைத்துக்கொள்வது நல்லதுதான். அதைவிட ஒரு நிறுவனம் வைத்திருப்பது மேல். சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும் ஸ்டாண்டர்டு பயர்வொர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. இரண்டின் பெயரிலேயே இந்த ஊர்த் தொழிலின் வரலாறு இருக்கிறது. ஓடுகிற நிலையில் இரண்டு எச்.டி.வி. கேமரா, ஒரு பழைய கணினி, சில ஹார்டு டிஸ்குகள். ஒரு கல்லூரி நூலகத்துக்கு இது பெரிய செலவே இல்லை.

பிறர் வீட்டுக் கல்யாணத்தைக் கல்லூரி எப்படி வைத்துக்கொள்ளலாம் என்பது நியாயமான தயக்கம். பிரிந்துபோன தம்பதி இருப்பார்கள், இறந்தவர்கள் இருப்பார்கள், யாரும் பார்க்கக் கூடாது என்று குடும்பம் நினைப்பதும் இருக்கும். ஆகவே முதல் பிரதி, முழுத் தரத்தில், கேசட் தந்தவருக்கு இலவசமாகப் போகவேண்டும். நூலகத்தில் ஒன்று இருக்கலாமா என்பதை அவர்தான் சொல்லவேண்டும். மேடைக் காட்சி வேண்டாம், பந்தியும் வாசலும் மட்டும் இருக்கட்டும் என்றாலும் சரி. கேமராவில் நாடாவைப் படிக்கும் தலை தேய்ந்துகொண்டே வருவதால் எல்லாவற்றையும் படித்துவிட முடியாது. எடிட் செய்து முடித்த மாஸ்டர் கேசட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், டிவிடியாவது இருக்கிறது. வெட்டாத மூலக் கேசட்டுகளுக்கே முன்னுரிமை. மேல் சீட்டு கிழிந்து போயிருந்தாலும் குழப்பமில்லை; கேமராவில் கடிகாரம் சரியாக வைத்திருந்தால் எடுத்த தேதியும் மணியும் நாடாவிலேயே பதிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இதைத் தொடங்கக் கூடாது. காற்றில் ஈரம் ஏறினால் கேமரா திரையில் ஈர எச்சரிக்கை வந்து நாடாவை ஓட்டவே மறுத்துவிடும். ஆடி தோது. காற்று காய்ந்திருக்கும், தூசிக்கு மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொள்ள வேண்டும். முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால், எந்தக் கேசட் யாருடையது என்று நினைவிலிருந்தே சொல்லக்கூடிய ஸ்டூடியோக்காரர்களும் கடையில்தான் இருப்பார்கள்.